ஏவற்சொல்லும் ஏற்புச்சொல்லும்

தமிழில் வினைப்பகுதியே ஏவல் ஒருமை வினைமுற்றாகவும் நிற்கும் என்பது மாணவர் அறிந்த இலக்கணம். நட, வா, விடு, போ என்பனவற்றோடு எவ்விகுதியும் சேரவேண்டுவதில்லை. வினைப்பகுதிகளின் ஈறுகளைக் காட்ட நன்னூலார் தரும் 23 வாய்பாடுகளில் இந்நான்கும் அடங்கும். கட்டளையிடுவதற்கு இதனினும் சுருங்கிய வடிவம் வேண்டுமோ! கோல சிலாங்கூர் தொடங்கி வட சிலாங்கூர்த் தோட்டங்கள் வரையில் இவ்வடிவத்தை மிகுதியாகக் கேட்டு வாழ்ந்தோர் இரு சாரார். ஒன்று லயத்து நாய். மற்றொன்று லயத்து மனிதன்.

நாயும் தமிழரும் கொண்ட உறவு பழமையானது. ஞமலி, ஞாளி என்னும் பெயர்கள் சங்க நூல்களில் பயில்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்று வரையறுக்கிறது. திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில் உள்ள நடுகல் இன்னும் வியப்புக்குரியது. 7ஆம் நூற்றாண்டில், மகேந்திரவர்ம பல்லவன் ஆட்சியில் பொறிக்கப்பட்ட அக்கல், போரில் மாண்ட வீரனுக்கு மட்டும் எடுத்ததன்று. கள்ளரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாய்க்கும் சேர்த்து எடுத்தது. அந்நாயின் பெயரைக் கோவிவன் என்று படித்துள்ளனர். பெயர் பெற்ற நாய், கல்லிலும் இடம்பெற்றது. அரசர் பலருக்கே பெயர் தெரியாமற் போன நாட்டில் இஃது ஒரு சிறப்பே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரப்பர் இவ்வட்டாரத்தின் காட்டை அழித்தது. பிரெஞ்சு நாட்டினரான ஆன்றி ஃபோக்கோனியே ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் திறந்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவும் அவராலேயே தொடங்கியது. பால்மரம் வெட்ட வந்த தமிழரோடு நாய்களும் லயங்களில் பெருகின. துரை பங்களாவின் நாய்க்கு இனமும் சங்கிலியும் இருந்தன. லயத்து நாய்க்கு இரண்டும் இல்லை. அஃது இரவில் கோழிக்கூட்டைக் காத்தது; ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டுப்பன்றி வேட்டைக்குச் சென்றது; விடியுமுன் பால் வெட்டப் போகும் பெண்களுக்கு இருளில் துணையாக முன்னோடியது. அதற்குக் கிடைத்த மொழியோ, சூ, பிடி, விடு, போ, சீ என்னும் ஐந்தாறு சொற்களே.

இவற்றுள் 'சூ' மிக நல்ல கட்டளை. அது வேறு பேச்சில் வருவதில்லை, குறுகியது, தொலைவிலும் கேட்கும். ஏனையவற்றில் ஓர் இடர் உண்டு. எடு, விடு, படு, கொடு என்னும் ஏவல்கள் அனைத்தும் 'டு' என்றே முடிகின்றன. தமிழ்ச் செவிக்கு இவற்றின் வேறுபாடு வெள்ளிடைமலை. நாயின் செவிக்கு அவ்வாறன்று. ஓரொலி மட்டும் வேறுபடும் சொற்களை நாய்கள் நுட்பமாகப் பிரித்தறிவதில்லை என்று புடாபெசுட்டு ஆய்வாளர்கள் 2020இல் மூளை மின்னலைகளை அளந்து காட்டினர். ஆதலின் படு என்றும் விடு என்றும் ஒரே நாயிடம் சொல்பவன், அது திகைத்து நிற்கும்போது அதனைக் குறைகூற வழியில்லை. அதனோடு, ஒருநாள் 'வா', மறுநாள் 'வாடா', செல்லம் மிகுந்தால் 'வாங்க ராஜா' என்று அழைப்பதும் நம்மவர் வழக்கம். நாய் வருகிறது என்றால் அது சொல்லைக் கேட்டு வருகிறது என்று கொள்ளுதல் தவறு. பெரும்பாலும் கையையும் முகத்தையும் பார்த்தே வருகிறது. பெர்லினில் கணக்குப் போடுவதாகப் பெயர்பெற்ற ஆன்சு என்னும் குதிரை, கேள்வி கேட்பவரின் உடலசைவைக் கண்டே குளம்பைத் தட்டுவதை நிறுத்தியது என்று ஆசுக்கர் ஃபுங்குசுட்டு 1907இல் மெய்ப்பித்தார்.

ஏவற்சொல் செயலுக்கு முன் வருவது. செயல் முடிந்த கணத்தில் 'இதுவே சரி' என்று அடையாளம் காட்டும் சொல் வேறு. அதனை ஏற்புச்சொல் எனலாம். அதன் தேவை எளிதில் விளங்கும். 'உட்கார்' என்றதும் நாய் உட்காருகிறது. மடியிலிருந்து ரொட்டித் துண்டை எடுப்பதற்குள் அஃது எழுந்துவிடுகிறது. அப்போது கொடுத்தால், எழுந்ததற்கே கூலி கொடுத்ததாகும். உட்கார்ந்த அக்கணத்தில் ஒரே சொல், அல்லது ஒரே ஓசை, தவறாமல் ஒலித்து, அதன்பின் உணவு வருமாயின், இடைப்பட்ட காலத்தை அவ்வொலி இணைத்துவிடும். மணியோசைக்கும் உணவுக்கும் உயிர்கள் தொடர்பு கற்கும் என்ற பாவ்லோவின் ஆய்வே இதற்கு அடிப்படை. 1910இல் செருமானியர் கொன்ராடு மோசுட்டு எழுதிய காவல்நாய்ப் பயிற்சி நூல் கழுத்துப்பட்டையையும் தண்டனையையும் பெரிதும் நம்பியது. 1940களில் அமெரிக்காவில் கெல்லர் பிரேலண்டு, மேரியன் பிரேலண்டு இணையர் ஓசைக்குறியால் விலங்குகளைப் பழக்கினர். அவர்தம் ஆசிரியர் இசுகின்னர் 1951இல் எழுதிய கட்டுரையொன்றில், கையில் அழுத்தினால் 'டிக்' என்னும் சிறு விளையாட்டுப் பொருளைப் பரிந்துரைத்தார். அவாயித் தீவில் ஓங்கில்களைப் பழக்கிய கேரன் பிரையர் 1984இல் எழுதிய நூலின் பின்னரே அம்முறை நாய் வளர்ப்போரிடையே பரவலாயிற்று.

தோட்டத்து நாய்க்கு அத்தகைய ஏற்புச்சொல் வாய்க்கவில்லை. 'சபாஷ்' உண்டு; ஆனால் அது பாரசீகத்திலிருந்து வந்து, கூத்து மேடையிலும் சிலம்பக் களத்திலும் மனிதருக்கே செலவானது. 'சரி' என்பதோ நாள்முழுதும் எல்லார் வாயிலும் வழங்குவது; எதற்கும் குறியாகாது. கீழ்ப்படிந்த நாய்க்கு மௌனமே கிடைத்தது; தவறிய நாய்க்குக் கல் கிடைத்தது. இதற்கு லயத்து மக்களைக் கடிந்துகொள்வது நேர்மையன்று. அவர்களுக்கு வாய்த்த மொழியும் அதுவே.

தோட்டத்துரைமார் தமிழ் கற்றனர் என்று பெருமையாகச் சொல்லப்படுவதுண்டு. அது மெய்யே. 1919இல் தோன்றிய தோட்ட நிருவாகிகள் கழகம் தமிழ்த் தேர்வும் நடத்தியது. எத்தகைய தமிழ் என்பதே கேள்வி. சின்னத்துரைமாருக்காகக் கொழும்பில் வெளியிடப்பட்ட வழிகாட்டி நூலொன்றின் பெயர் 'இங்கே வா' என்பது. தலைப்பே ஏவல் ஒருமை. 1915இல் வெல்சு என்பவர் இயற்றிய நூலின் பெயர் 'கூலித் தமிழ்'. நன்னூலும் குறளும் வழங்கிய மொழிக்கு அப்பெயர்! ஏவற்பன்மை என ஒன்றுண்டு, மரியாதைக்குரிய விகுதி உண்டு என்பது விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் யாருக்கும் நினைவில்லை. வா, நில், போ என்னும் மூன்றும் துரையிடமிருந்து கிராணிக்கும், கிராணியிடமிருந்து கங்காணிக்கும், அவரிடமிருந்து தொழிலாளிக்கும் இறங்கின. தொழிலாளி அவற்றை மாலையில் தன் நாயிடம் சொன்னான்.

சொல் இன்றியே நடந்த ஏவலும் ஒன்றிருந்தது. சைக்கிளில் செல்லும் தொழிலாளி எதிரே துரையையோ கிராணியையோ கண்டால் இறங்கி நிற்கவேண்டும். யாரும் 'இறங்கு' என்று சொல்லவேண்டுவதில்லை. தலை தெரிந்தாலே போதும். 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் மூண்டு சிலாங்கூரின் பிற தோட்டங்களுக்கும் பரவிய வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வு, பிள்ளைகளின் கல்வி, கள்ளுக்கடை மூடல், பெண்களுக்குப் பாதுகாப்பு ஆகியவற்றோடு, சைக்கிளிலிருந்து இறங்கும் இவ்வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாய் இருந்தது. காசு கேட்டவர்கள் மானத்தையும் உடன் கேட்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலர் விரைந்து கடந்துவிடும் செய்தி. மே மாதத்தில் தலைவர் ஆர்.எச். நாதன் கைதானார், படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர். அவ்வழக்கமோ பின்னர் மெல்ல மறைந்தது.

தோட்டத்துப் பிள்ளை முதன்முதலாக ஏற்புக்குறி பெற்ற இடம் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியே எனலாம். சிலேட்டில் எழுதிய 'அ'வின் மேல் ஆசிரியர் இடும் 'சரி' அடையாளம், கட்டளையன்று. செய்ததை ஏற்றுக்கொண்ட குறி. ஆயினும் அது காலத்தாற் சிறப்பது. சிலேட்டில் அக்கணமே விழுந்த குறி, பயிற்சிப்புத்தகம் வந்தபின் இரண்டு நாள் கழித்துச் சிவப்பு மையில் விழலாயிற்று. எதற்காகப் பெற்றோம் என்பது அதற்குள் பிள்ளைக்கு மறந்திருக்கும்.

பின்னாளில் தோட்டங்கள் கைமாறின, சில நகர்களாயின. பத்தாங் பெர்சுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. பூஞ்சாக் ஆலம் பெருநகராய் எழுந்தது. மக்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது, நாய்கட்கு அங்கே இடமில்லை. சாமான் ஏற்றிய லாரியின் பின்னே ஓடிவந்தவற்றைப் 'போ' என்று விரட்டினர். ஒழிந்த லயங்களில் அவை தங்கின. செம்பனைக் குலை வெட்ட இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் அவற்றைத் தத்தம் மொழியில் அழைத்தனர்.