பிறர் வாங்கிய பயணச்சீட்டு

விமானப் பயணச்சீட்டு இன்று ஒரு தாள் அன்று, வெறும் இலக்கம். 2008 ஆம் ஆண்டு ஜூன் முதலாந் திகதியுடன் சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் பயண முகவர்களுக்குக் காகிதச் சீட்டு வழங்குவதை நிறுத்தியது. சிவப்புக் கரி பூசிய அந்தச் சிறு புத்தகத்தை இன்றைய இளைஞர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு பக்கத்தில் எழுதினால் அடுத்தடுத்த பக்கங்களில் பதியும். விரலில் பட்டால் அன்று முழுவதும் சிவப்பு போகாது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்துக்கொண்டு மீதியைத் தருவார்கள்.

அந்தக் காகிதக் காலத்தில் வேறொரு வழக்கமும் இருந்தது. இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவர் அங்குள்ள விமான நிறுவன அலுவலகத்தில் பணத்தைக் கட்டுவார். பெயரும் வழித்தடமும் தொகையும் டெலெக்ஸ் மூலம் கொழும்பு அலுவலகத்துக்கு வந்து சேரும். பயணி அங்கே போய்க் கடவுச்சீட்டைக் காட்டினால் சீட்டை எழுதிக் கொடுப்பார்கள். 'பிரீபெயிட் ரிக்கற்' என்று நம்மவர்கள் அதைச் சொன்னார்கள். 'பிள்ளை ரிக்கற் அனுப்பியிருக்கிறான்' என்ற பேச்சு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கேட்காத நாளில்லை. உண்மையில் அனுப்பப்பட்டது சீட்டு அன்று, ஒரு செய்திதான். இன்று நாம் காண்பதும் அதுவே என்பதால் ஒருவகையில் அது மின்சீட்டுக்கு முன்னோடி.

இவ்வழக்கம் விமானத்தோடு பிறந்ததுமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குப் போன அயர்லாந்துக்காரர்களில் பெரும் பகுதியினர், முன்னரே அங்கு சென்றிருந்த அண்ணனோ அக்காளோ பணம் கட்டி அனுப்பிய கப்பற் சீட்டில்தான் போனார்கள். வீட்டு வேலை செய்த பெண்கள் கூலியை மிச்சம் பிடித்துத் தங்கைக்கு ஒரு சீட்டு வாங்குவார்கள். அவள் வந்து உழைத்து அடுத்தவளுக்கு வாங்குவாள். கப்பல் நிறுவனங்கள் இதற்கென்றே அமெரிக்க நகரங்களில் முகவர்களை வைத்திருந்தன.

நமது கடலிலும் பிறர் வாங்கிய சீட்டு ஒன்று இருந்தது. அதை அன்பளிப்பு என்று சொல்ல நாக்கூசும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தமிழகத்திலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளரின் கழுத்தில் தோட்டத்தின் இலக்கம் பொறித்த தகரத் துண்டு ஒன்று தொங்கியது. அந்த இலக்கத்தைப் பார்த்து வழிச்செலவு தோட்டத்தின் கணக்கில் எழுதப்படும். ஆளைச் சேர்த்து அனுப்பும் ஏற்பாடுகளைக் கவனிக்க இலங்கைத் தொழில் ஆணையகம் 1904 இல் திருச்சிராப்பள்ளியில் அமைக்கப்பட்டது. தொழிலாளியின் தலையில் ஏறிய கடனைத் தீர்க்காமல் அவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. கடன் தொகையை எழுதிய 'துண்டு' கையோடு போகும். புதிய துரை அதைத் தீர்த்து ஆளை எடுத்துக்கொள்வார். 1921 இல் சட்டம் அந்த முறையை ஒழித்தது. தகரமும் காகிதமும் பிறர் காசில் வந்தவைதாம். ஆயினும் வாங்கியவர் யார், எதற்காக வாங்கினார் என்பதில் எவ்வளவு தூரம்!

விமானம் நம் பக்கத்துக்கு வந்த கதை பலருக்குத் தெரியும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானிய விமானப் படைக்காக அமைக்கப்பட்ட பலாலி ஓடுபாதையில், 1947 டிசம்பர் 10 ஆம் திகதி 'சீதாதேவி' என்ற டகோட்டா இறங்கிற்று. எயார் சிலோனின் முதற் பயணம் அது. இரத்மலானையிலிருந்து புறப்பட்டு, யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்குப் போனது. எழுபதுகளில் அந்நியச் செலாவணி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தபோது, வெளிநாட்டில் பணம் கட்டப்பட்ட சீட்டுக்குத் தனி மதிப்பு இருந்தது. நாட்டின் செலாவணியில் அது கை வைக்காது. பின்னர் போர் வந்தது. பலாலி இராணுவத் தளமாயிற்று. பிள்ளைகள் சிதறிப் போனார்கள், பெற்றோர் இருந்தார்கள். பிரீபெயிட் சீட்டின் பொற்காலம் அதன் பின்னர்தான்.

1993 இல் நான் கொழும்பில் பத்திரிகை வேலையில் இருந்தேன். ஊரவர் ஒருவர் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். அகதியாகப் போனவர், இலங்கைக்குத் திரும்ப முடியாது. தாயை எட்டு ஆண்டுகளாகக் காணவில்லை. தாய்க்குக் கண்ணில் புரை. சத்திரசிகிச்சைக்கென்று கொழும்புக்கு வரும்படி எழுதியிருந்தார். அது உண்மைதான். ஆனால் அவர் எழுதாதது ஒன்றும் இருந்தது. கொழும்பிலிருந்து திருச்சிக்குத் தாயின் பெயரில் சீட்டுக்குப் பணம் கட்டிவிட்டார். தாமும் திருச்சிக்கு வந்து காத்திருப்பார். கண் கட்டை அவிழ்த்துச் சில வாரங்களில் தாய் விமானத்திலிருந்து இறங்கிப் பார்க்கும்போது மகன் எதிரில் நிற்க வேண்டும். 'அண்ணை, நீங்கள் ஒன்றும் சொல்லிப்போடாதையுங்கோ' என்றார்.

நானும் சம்மதித்தேன். அந்த எண்ணத்தின் அழகு என்னையும் மயக்கிற்று என்றுதான் சொல்ல வேண்டும்.

அம்மா வந்தார். ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம். கிளாலிக் கடலேரியை இரவில் படகில் கடந்து, தாண்டிக்குளத்தில் சோதனைக்கு நின்று, வவுனியாவில் ரயிலேறி வந்தார். அந்த ஆண்டு ஜனவரியில்தான் கடலேரியில் படகுப் பயணிகள் கடற்படையினரால் கொல்லப்பட்டிருந்தனர். சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. இனி இந்திய விசா எடுக்க வேண்டும். அதற்குக் கையொப்பம் வேண்டும், கடவுச்சீட்டு வேண்டும். ஆகவே சொல்லாமல் முடியவில்லை. 1984 இல் சிதம்பரம் போவதற்கென்று கணவரும் அவரும் எடுத்த கடவுச்சீட்டு அவரிடம் இருந்தது. போகவில்லை, கப்பல் நின்றுவிட்டது, பின்னர் கணவரும் இல்லை. ஒரு முத்திரையும் விழாத கடவுச்சீட்டு.

செய்தியைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்ததைக் கண்டேன். அடுத்த கணம் விரல்களை மடித்து எண்ணத் தொடங்கினார்.

'விசா எடுக்க எத்தனை நாள் தம்பி?'

1991 இல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பின் எங்களுக்கு இந்திய விசா எளிதில் கிடைப்பதில்லை. மூன்று வாரமாகலாம், கூடவுமாகலாம் என்றேன்.

'எனக்கு ஒரு மாதத்துக்குத்தான் பாஸ் தந்தவங்கள். வாத்தியார் பிணை நிண்டவர்.'

புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற அனுமதி வேண்டும் என்பதும், போனவர் திரும்பி வருவார் என்று ஒருவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாதவை அல்ல. பத்திரிகைக்காரன், தெரிந்தே இருந்தேன். தெரிந்தும் அந்தச் சீட்டோடு சேர்த்து அதை நினைத்துப் பார்க்கவில்லை. ரொறன்ரோவில் இருந்தவருக்கு நினைவு வராததில் வியப்பில்லை. கொழும்பில் இருந்தவனுக்கும் வரவில்லை.

காரணம் எழுதி ஊருக்கு ஆள் மூலம் அனுப்பலாம், நோய் என்று வைத்தியரிடம் கடிதம் வாங்கலாம் என்றெல்லாம் சொன்னேன். அவர் மறுத்தார். 'அந்த மனிசனைக் கூப்பிட்டு விசாரிப்பாங்கள். அவருக்கு இரண்டு குமர்ப்பிள்ளைகள்.' அதற்கு மேல் நான் பேசவில்லை.

அன்றிரவு கனடாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். மகன் முதலில் கோபித்தார். பிணை நின்றவர் யார் என்று கேட்டார். சொன்னேன். நீண்ட நேரம் சத்தமில்லை. 'எனக்குக் கணக்குப் படிப்பிச்சவர்' என்றார். பாஸ் முடிய நான்கு நாட்கள் இருக்கையில் அம்மா ரயிலேறினார். புறப்படும்போது மகனின் குரலைத் தொலைபேசியில் கேட்டார். இருவரும் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டார்கள். பிரீபெயிட் சீட்டின் பணத்தைக் கட்டியவருக்கே, கட்டிய இடத்திலேயே திருப்பிக் கொடுப்பார்கள். அதனால் கொழும்பில் எனக்கு வேலை ஒன்றும் இருக்கவில்லை.

இப்போது யாருக்கும் சொல்லாமல் விமானச் சீட்டு வாங்குவது முன்னைவிடக் கடினம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரும் பிறந்த திகதியும் வேண்டும். நம் பெயர்களில் எது குடும்பப் பெயர், எது தகப்பன் பெயர் என்ற குழப்பம் வேறு. ஒருவர் பெயரில் எடுத்ததைப் பெரும்பாலும் இன்னொருவர் பெயருக்கு மாற்றவும் இயலாது. பணம் செலுத்திய அட்டையையோ அதன் பிரதியையோ காட்டும்படி கேட்பதும் உண்டு. 'அம்மா, உங்கட பாஸ்போட்டை ஒருக்காப் படம் எடுத்து அனுப்புங்கோ' என்று கேட்டவுடனே பாதி இரகசியம் போய்விடுகிறது. அதில் எனக்கு வருத்தமில்லை.

யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயரில் பலாலி 2019 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 2025 மார்ச் இறுதியில் அங்கிருந்து திருச்சிக்கு நேரடிச் சேவையும் தொடங்கிற்று. கிளாலியும் தாண்டிக்குளமும் கட்டுநாயக்கவும் அந்தப் பயணத்தில் இல்லை.

அந்த அம்மா அதுவரை இருக்கவில்லை. ஆனால் 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ-9 பாதை திறந்தபோது, மகன் கனடியக் கடவுச்சீட்டோடு ஊருக்கு வந்தார். பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர் தாயைக் கண்டார். வாத்தியாரையும் போய்க் கண்டார் என்று அறிந்தேன். கனடாவுக்குக் கூட்டிப்போகிறேன் என்றதற்குத் தாய் இணங்கவில்லை. சிதம்பரம் போகலாமா என்று கேட்டாராம். பழைய கடவுச்சீட்டு காலாவதியாகிவிட்டது, புதிதாக எடுத்தார்கள். எந்தத் திகதி வசதி என்று தாயிடம் கேட்டு, ஊரில் யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுத்தான் இம்முறை சீட்டுப் பதிவு செய்தார். கொழும்பில் இரண்டு நாள் என் வீட்டில் தங்கினார்கள். கட்டுநாயக்கவுக்குப் புறப்படும் காலையில் அம்மா தம் சீட்டை என்னிடம் நீட்டி, அதில் தம் பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டச் சொன்னார். காட்டினேன். விரலால் தடவிப் பார்த்தார். சிவப்பு ஒட்டிக்கொண்டது.