ஷாண்ட்ரிடான்: ஆங்கிலத்தின் 'டப்பா வண்டி'

19-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் 'ஷாண்ட்ரிடான்' என்றால் மூடாக்கு வைத்த இலகுவான குதிரை வண்டி. பெயர் எங்கிருந்து வந்தது என்ற இடத்தில் அகராதிகள் 'தெரியவில்லை' என்றே போடுகின்றன. வண்டி பழசாகி ஃபேஷன் போனதும், பெயர் கேலியாக மாறி ஆட்டம் கண்ட எந்த வண்டிக்கும் ஒட்டிக்கொண்டது. நாம 'டப்பா வண்டி'ன்னு சொல்ற மாதிரிதான்.

நம்ம ஜட்காவும் இந்தக் கேலிக்குத் தப்பவில்லை. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியான ஹாப்சன்-ஜாப்சன் அகராதி, அந்தப் பெயரின் மூலச் சொல்லுக்கு 'வேகம்' என்று பொருள் தருகிறது. அடுத்த வரியிலேயே மதராஸ் ஜட்காவை லொடலொட வண்டி என்கிறது. இது சவாரி போன ஆங்கிலேயரின் தீர்ப்பு. ஓட்டியவருக்கு அது பிழைப்பு. கல்கத்தாவின் 'கிராஞ்சி'யும் லொடலொடப்பில் சளைத்ததல்ல என்று அதே பதிவு சேர்த்துக்கொள்கிறது.