செய வாய்பாட்டு எச்சமும் பெயரும்

'படிக்க நேரம்', 'உட்கார இடம்' போல, 'செய' வாய்பாட்டு வினையெச்சம் பெயரின் முன் நின்று அதன் நோக்கத்தைக் காட்டும் தொடரமைப்பு. ஆங்கிலத்தில் ஈடான தொடர் பெயருக்குப் பின்னே வரும் ('டைம் டு ரீட்'). சென்னையின் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகளின் பேச்சில் பெயர் ஆங்கிலமானாலும் வரிசை தமிழாகவே நிற்கிறது: 'பேச சான்ஸ் கிடைக்கல', 'வண்டி நிறுத்த ஸ்பேஸ் இல்ல'. வினையும் ஆங்கிலமானால் 'பண்ண' சேரும்: 'அப்ளை பண்ண டைம் இருக்கு'. 'பண்றதுக்கு' என்ற நான்காம் வேற்றுமை வடிவமும் உண்டு; எழுத்தில் 'படிப்பதற்கான நேரம்'.

மரபிலக்கணப்படி வினையெச்சம் வினைகொண்டே முடியும், பெயர்கொள்வது பெயரெச்சம். நன்னூல் தரும் 12 வினையெச்ச வாய்பாடுகளுள் 'செய' ஒன்று. எனவே 'படிக்க நேரம் இல்லை' என்பதில் எச்சம் 'இல்லை' என்னும் குறிப்புமுற்றைத் தழுவுகிறது எனலாம். 'பேரணி நடத்த அனுமதி' போன்ற செய்தித் தலைப்புகளில் இவ்விளக்கம் இடறுகிறது. அங்கே 'கிடைத்தது' போன்ற வினையை வருவிக்க வேண்டும். எல்லாப் பெயரும் இவ்வமைப்புக்கு இணங்குவதில்லை: 'போக நேரமாயிற்று', 'போக முடிவு செய்தார்' இயல்பானவை, 'அவருடைய போக முடிவு' வழுவாகும், 'போகும் முடிவு' என்றே வரும்.