மருந்து பழசு, உறை புதுசு

நானோ மருத்துவம்னு சொன்னா, ரத்தக் குழாய்க்குள்ள நீந்திப் போற குட்டி ரோபோதான் பலருக்கும் ஞாபகம் வரும். சினிமா நம்மை அப்படிப் பழக்கிடுச்சு. நான் இன்னைக்குச் சொல்லப்போற கதையில் ரோபோ கிடையாது. ஒரு கொழுப்புக் குமிழிதான் ஹீரோ.

முதலில் மருந்தைப் பார்ப்போம். பெயர் டாக்ஸோரூபிசின். 1960-களில் இத்தாலிய விஞ்ஞானிகள் மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவை வைத்து உருவாக்கியது. செக்கச்சிவப்பாக இருக்கும். பல வகைப் புற்றுநோய்களை எதிர்த்து நன்றாக வேலை செய்தது. சிக்கல் என்னன்னா, அது இதயத் தசையையும் சேர்த்துக் கெடுக்கும். அதனால் ஒருவருக்கு வாழ்நாளில் மொத்தமாக இவ்வளவுதான் கொடுக்கலாம் என்று வரம்பு வைத்தார்கள். கட்டி சுருங்கிக்கிட்டே வருது, ஆனா மருந்தை நிறுத்தியாகணும். அந்த நோயாளியோட நிலைமையை யோசிச்சுப் பாருங்க.

அதே 1960-களில், இங்கிலாந்தின் பேப்ரகாம் ஆய்வு நிலையத்தில் அலெக் பாங்கம் என்பவர் ரத்தம் உறைவதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தார். புற்றுநோய்க்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. செல் சவ்வில் இருக்கும் கொழுப்பைத் தண்ணீரோடு சேர்த்து எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அந்தக் கொழுப்பு தானாகவே சுருண்டு, உள்ளே தண்ணீரை அடைத்துக்கொண்டு, குமிழி குமிழியாக நின்றது. இதற்குத்தான் பின்னால் லிப்போசோம் என்று பெயர் வந்தது.

உள்ளே தண்ணீர் நிற்கும்னா மருந்தும் நிற்குமே! ஜெருசலேமில் யெசெஸ்கெல் பாரன்ஹோல்ஸும் ஆல்பெர்ட்டோ கபிசோனும் டாக்ஸோரூபிசினை லிப்போசோமில் ஏற்றி, 1980-களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். எடுபடவில்லை. கல்லீரலில் இருக்கும் பாதுகாப்பு செல்கள் குமிழிகளை அன்னியப் பொருளாக நினைத்து விழுங்கிவிட்டன.

அடுத்த முறை குமிழியின் மேல் பெக் என்ற பாலிமரைப் போர்த்தினார்கள். அது தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். பாதுகாப்பு செல்கள் சீக்கிரம் அடையாளம் காணாது. குமிழியின் அளவு சுமார் 100 நானோமீட்டர். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு. இதயத்தின் ரத்தக் குழாய்ச் சுவர் நெருக்கமானது, அதைத் தாண்ட இந்த அளவே தடை. கட்டிக்குள் அவசரமாக வளர்ந்த குழாய்கள் ஒழுகும், அங்கே கசிந்து இறங்கிவிடும். 1995-இல், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு வரும் கபோசி சார்கோமா என்ற புற்றுநோய்க்காக, டாக்ஸில் என்ற பெயரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அங்கே அனுமதி பெற்ற முதல் நானோ மருந்து என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

இது மாயமந்திரம் இல்லைங்க. உள்ளங்கையிலும் பாதத்திலும் தோல் சிவந்து உரியும் புதுத் தொல்லை வந்தது. ஆனால் இதயத்துக்கு ஆபத்து குறைந்தது.

இந்த உறையைச் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. 2011-இல் ஒஹாயோவில் இதைத் தயாரித்த தொழிற்சாலையில் உற்பத்தி நின்றதும் அமெரிக்காவில் தட்டுப்பாடு. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்களுக்கு மருந்தே இல்லை. 2012-இல், நம்ம ஊர் சன் ஃபார்மா நிறுவனத்தின் லிப்போடாக்ஸை இறக்குமதி செய்ய அந்நாட்டு அரசு தற்காலிக அனுமதி கொடுத்தது. அடுத்த வருஷமே அந்த நிறுவனத்தின் ஜெனெரிக் மருந்துக்கும் முறையான அனுமதி கிடைத்தது.

டாக்ஸோரூபிசின் மாறவே இல்லை. அது எங்கே போகணும், எங்கே போகக்கூடாது என்பதைச் சரிசெய்யத்தான் முப்பது வருஷம் ஆச்சு. ஃபைசர், மாடர்னா கோவிட் தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏவைச் சுமந்துபோன கொழுப்புத் துகளும் இதே குடும்பத்துப் பிள்ளைதான். அந்தக் கதை அடுத்த எபிசோடில். சந்திப்போம் மக்களே!