தக்கையும் தூண்டிலும்

குறுந்தொகையின் 54ஆம் பாட்டைப் பாடிய புலவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. மீனெறி தூண்டிலார் என்றே அவரை அறிகிறோம். தினைப்புனம் காப்போரின் கவண் ஒலிக்கு அஞ்சிய காட்டு யானை, தான் வளைத்துப் பிடித்திருந்த மூங்கிலைக் கைவிட்டுவிடுகிறது. விடுபட்ட மூங்கில், மீன் சிக்கியதும் மேலே சுண்டப்படும் தூண்டிற்கோலைப் போல எழுகிறது. குறிஞ்சி பாட வந்தவர், உவமைக்காக ஒரு கணம் மலையிலிருந்து இறங்கி நீர்த்துறைக்குப் போய் வந்தார். அந்த ஒரு கணமே அவருக்குப் பெயராக நிலைத்துவிட்டது. கவிஞர்கள் கூடும் நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு மலரில் மீன்தூண்டிலின் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு அவரையே துணையாகக் கொள்கிறேன்.

நம் திருவள்ளூரும் கும்மிடிப்பூண்டியும் பழைய தொண்டை நாட்டைச் சேர்ந்தவை. அந்நாட்டை ஆண்ட தொண்டைமான் இளந்திரையன் மீது கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் தூண்டிற்காரன் ஒருவன் முழு உருவில் வருகிறான். அவன் ஒரு பாண்மகன். இரைக்கான பச்சை இறைச்சியை இட்ட தோற்பை, நீண்ட மூங்கிற்கோல், அதன் நுனியில் கட்டிய கயிறு, வளைந்த இரும்பு முள் எனக் கருவிகள் யாவும் ஒவ்வொன்றாகச் சொல்லப்படுகின்றன. வாளை மீனோ இரையைக் கவ்வித் தப்பிவிடுகிறது. தப்பிய பின், நீர்க்கரையில் நின்ற பிரம்பின் நிழல் அசைவதைக் கண்டும் தூண்டிலோ என்று நடுங்குகிறது. மீனின் அச்சத்தை இவ்வளவு நுட்பமாகக் கண்ட புலவர், தாமே கரையில் நெடுநேரம் அமர்ந்திருந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பது என் துணிபு. ஆனால் அந்தப் பட்டியலில் ஒரு பொருள் மட்டும் இல்லை. அதுதான் தக்கை.

தக்கை என்பது கயிற்றில் கோத்த ஒரு சிறு மிதவை. தேங்கிய ஏரிநீரில் அதன் வேலை எளியது. தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலுள்ள கயிற்றின் நீளமே இரை தொங்கும் ஆழம். கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில் நடப்பதைத் தக்கை மேலே வந்து சொல்லும். சிறு கெண்டை கொறித்தால் தக்கை நடுங்கும். கெளுத்தி பற்றினால் மெல்ல அமிழும். விரால் என்றால் ஒரே இழுப்பில் மறைந்துபோகும். ஓடும் ஆற்றில் கணக்கு வேறு. ஆற்றின் மேல்நீர் விரைந்தோடும். தரையை ஒட்டிய நீர் மெல்லவே நகரும். தக்கையைத் தன்போக்கில் விட்டால் அது முந்திச் சென்று இரையைப் பின்னே இழுக்கும். அவ்வாறு இழுபடும் இரையைத் தேர்ந்த மீன் நம்பாது. எனவே தூண்டிற்காரன் கயிற்றைச் சற்றே தடுத்துத் தடுத்து விடுவான். அப்போது இரை முன்னும் தக்கை பின்னுமாகப் போகும். நீரை எதிர்க்காமலும் அதற்கு முழுதும் இணங்காமலும் விடுகின்ற இந்த அளவைச் சொல்லிக்கொடுக்க இயலாது. கை தானாகவே கற்றுக்கொள்ள வேண்டும். யாப்பு கற்றவர்களுக்கு இது புரியும்.

நம் ஊர்களில் மயிலிறகின் தண்டும், காய்ந்த சோளத்தட்டையும், நெட்டியும் தக்கையாயின. நெட்டி என்பது ஏரியின் ஆழமற்ற ஓரங்களில் வளரும் செடி. அதன் தண்டின் உட்பகுதி பஞ்சினும் மெல்லியதாய், பால்போல் வெண்ணிறமாய் இருக்கும். அந்தச் செடிக்கே தக்கை என்று மற்றொரு பெயருண்டு. மீன் வாழும் நீரிலேயே மீனைக் காட்டிக்கொடுக்கும் பொருளும் வளர்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் வெயிலுக்கு அணிந்த தொப்பியும் இதே நெட்டியால் ஆனதே. சோலா தொப்பி என்ற பெயரிலுள்ள சோலா, சூரியனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அன்று. நெட்டிக்கு வடநாட்டில் வழங்கும் பெயர். ஒரே செடியின் ஒரு துண்டு துரையின் தலையிலும், மறு துண்டு குடியானவனின் கயிற்றிலும் இருந்தன. வரலாற்று ஏடுகளில் இடம் பெற்றது தலையில் இருந்த துண்டு மட்டுமே.

ஆயினும் அத்தொப்பி அணிந்தவர்களுள் ஒருவர் நம் நன்றிக்குரியவர். சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ் 1873-இல் இந்தியத் தூண்டில் பற்றி ஒரு பெருநூல் எழுதினார். 1887-இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதற்கென்றே தனிநூல் ஒன்றையும் வெளியிட்டார். ஆற்று மகசீரின் வீரத்தைப் பாடியவர், கலங்கிய குளத்துக் கெண்டைக்கும் ஒரு நூல் ஒதுக்கினார் என்பது சிறிய செய்தி அன்று. ஏனெனில் அக்காலத்து ஆங்கிலேயரின் மனம் வேறு மீனிடம் இருந்தது. அது டிரவுட்.

குளிர்ந்த, தெளிந்த நீரில் வாழும் டிரவுட்டை நீலகிரிக்குக் கொண்டுவர 1863-இல் முதல் முயற்சி நடந்தது. முயன்றவர் பிரான்சிஸ் டே. இந்திய மீன்களைப் பற்றிய பெருநூல்களைப் பின்னாளில் எழுதியவர். அம்முயற்சி தோற்றது. வெப்பக் கடல்களைக் கடந்து வருவதற்குள் முட்டைகளைக் குளிரில் வைத்துக் காப்பாற்றுவதே பெரும்பாடு. உதகைத் தாவரத் தோட்டத்தின் மேலாளர் மக்கைவர் அடுத்து முயன்றார். டிரவுட் வேரூன்றவில்லை, ஆனால் 1870 அளவில் உதகை ஏரியில் விடப்பட்ட டென்ச் என்னும் இங்கிலாந்துக் குளத்துமீன் பிழைத்துக்கொண்டது. டிரவுட்டுக்காகத் தவமிருந்தவர்களுக்கு, தக்கைத் தூண்டிலுக்குரிய எளிய மீன் வரமாகக் கிடைத்ததை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. 1879-இல் நீலகிரியின் வேட்டை விலங்குகளையும் மீனையும் காக்கத் தனிச்சட்டமே பிறந்தது. 1907-இல் ஹென்றி சார்லஸ் வில்சன் அவலாஞ்சியில் குஞ்சுபொரிப்பகம் அமைத்த பிறகுதான் மலையோடைகளில் டிரவுட் நிலைபெற்றது. நிலைத்ததும் இங்கிலாந்து மீன் அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைத் தாயகமாகக் கொண்ட வானவில் டிரவுட். ஏறக்குறைய 45 ஆண்டுகள் ஓர் அரசு ஒரு மீனுக்காக உழைத்தது. அதே ஆண்டுகளில் கொசஸ்தலையாற்றின் கெண்டையைப் பற்றி அரசு கவலைப்படவில்லை. அதைக் கப்பலில் கொண்டுவர வேண்டியிருக்கவில்லை அல்லவா!

டிரவுட்டை எப்படிப் பிடிப்பது என்பதிலும் சாதி வேற்றுமை இருந்தது. இறகாலும் நூலாலும் பூச்சிபோல் கட்டிய பொய்யிரையை நீர்மேல் வீசிப் பிடிப்பதே கண்ணியமானது என்றும், புழுவும் தக்கையும் கீழோர் முறை என்றும் கனவான்கள் கருதினர். ஆனால் அதே இங்கிலாந்தில் அந்தக் கீழோர் யாவர் என்று கேட்டால் வரலாறு சுவையாகிறது. லேஸ் பின்னும் ஆலைகள் நிறைந்த நாட்டிங்காமும், எஃகு உருக்கும் ஷெஃபீல்டுமே 19ஆம் நூற்றாண்டில் தக்கைத் தூண்டிலின் தலைநகரங்கள். வாரமெல்லாம் இயந்திரத்தோடு உழைத்த தொழிலாளர் ஓய்வுநாளில் இரயிலேறி ஆற்றங்கரைக்குச் சென்றனர். டிரென்ட் ஆற்றின் ஓட்டத்தில் தக்கையை நெடுந்தொலைவு மிதக்கவிடும் முறையும், அதற்கேற்ப விரல்பட்டதும் சுழலும் மர உருளையும் நாட்டிங்காமின் பெயராலேயே வழங்கின. அம்முறை கடல் கடந்தது. இன்று வட அமெரிக்கப் பேரேரிகளில் கலக்கும் ஆறுகளில் டிரவுட்டையும், சிறுவாய் பாஸ் என்னும் அந்நாட்டு மீனையும் தக்கைவிட்டுப் பிடிப்போர் கையில் இருப்பது அந்த உருளையின் வழிவந்ததே.

இத்தொழிலாளர் கதையில் நமக்கு வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. எந்த ஆலை அவர்களுக்குக் கூலி தந்ததோ அந்த ஆலையே அவர்களுடைய ஆற்றைக் கொன்றது. ஷெஃபீல்டின் டான் ஆறு பல தலைமுறைகள் மீனற்றுக் கிடந்தது. டார்பி நகரின் டெர்வென்ட் ஆற்றில் மீன்பிடி உரிமை பெற்றிருந்த தூண்டிற்காரர் சங்கம் ஒன்று, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீதிமன்றம் சென்றது. எதிராளிகள் மூவர்: செயற்கைப்பட்டு ஆலை, சாக்கடையை முறையாகத் தூய்மை செய்யாமல் விட்ட நகராட்சி, வெந்நீரை ஆற்றில் விட்ட மின்வாரியம். ஊரின் முதலாளி, ஊராட்சி, ஊருக்கு ஒளி தருவோர் என மூவரையும் ஒருசேர எதிர்த்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைத் தூண்டிற்காரர்கள்! 1953-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. சீர்செய்யக் கால அவகாசம் தந்ததே அன்றி, ஆற்றைக் கெடுக்கும் உரிமையை எவருக்கும் தரவில்லை. அவர்களுக்கு வழக்கின் செலவைத் தாங்கத் துணைநின்றது, ஆறுகளைக் காப்பதற்காகவே 1948-இல் தூண்டிற்காரர்கள் தொடங்கிய ஒரு கூட்டமைப்பு.

அச்சங்கம் வென்றதற்கு ஒரு காரணத்தை மறக்கலாகாது. ஆற்றின் அப்பகுதியில் மீன்பிடிக்கும் உரிமை அவர்களுக்குச் சொத்தாக இருந்தது. சொத்துக்குச் சேதம் என்று சொல்ல முடிந்தது. நம் ஏரிக்கரையில் தக்கையைப் பார்த்து அமர்ந்திருப்பவனுக்கு அப்படி ஒரு தாள் இல்லை. நம் நாட்டில் 1897-இல் வந்த மீன்வளச் சட்டம், நீரில் நஞ்சிடுவதைக் குற்றமாக்கியது. ஆனால் அச்சட்டத்தின்படி, மீனைப் பிடிக்கவோ அழிக்கவோ வேண்டும் என்ற நோக்கத்தோடு நஞ்சிட்டால்தான் குற்றம். மீனை நினைத்தே பாராமல் ஆலைக்கழிவை விட்டவனை அச்சட்டம் தொடாது. நீர் மாசைத் தடுக்கவென்று நாடு தழுவிய சட்டம் 1974-இல்தான் வந்தது. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வேலூர் மக்களின் வழக்கில், கெடுத்தவனே ஈடுசெய்ய வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் கூறியது. டார்பிக்காரர்கள் சொத்துரிமையால் பெற்றதை, வேலூர்க்காரர்கள் குடிமக்கள் என்ற ஒரே தகுதியால் பெற்றனர். இரண்டினுள் பின்னதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கொசஸ்தலையாறு பூண்டி நீர்த்தேக்கத்தையும் தாமரைப்பாக்கம், வல்லூர் அணைக்கட்டுகளையும் கடந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கடலை அடைகிறது. பூண்டி 1944-இல் பணிமுடிந்து சென்னைக்குக் குடிநீர் தரலாயிற்று. 1952 முதல் இந்திய நீர்நிலைகளில் புகுந்த ஆப்பிரிக்கத் திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற செல்லப் பெயரோடு இன்று நம் தூண்டில்களில் மிகுதியாகச் சிக்குகிறது. டிரவுட்டுக்கு அரைநூற்றாண்டு பாடுபட வேண்டியிருந்தது. இதற்கோ எவரும் பாடுபடவில்லை, கெட்ட நீரிலும் பெருகியது. கடைப்பகுதியில் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் வெந்நீரும் எண்ணூர்க் கழிமுகத்தை மாற்றிவிட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு பரவியபோது, அங்குள்ள மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. டெர்வென்ட் வழக்கின் எதிராளிகளைப் படித்துவிட்டு எண்ணூர்ப் பாலத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு, அந்த ஆங்கிலத் தீர்ப்பு அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றாது.

கும்மிடிப்பூண்டியைச் சூழ்ந்த ஏரிகளில் மழைக்காலம் கழிந்த ஞாயிறுகளில் கரையில் அமர்வோர் பலர், இரும்பு உருட்டாலைகளில் வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர்கள். ஷெஃபீல்டின் எஃகுத் தொழிலாளரைப் பற்றிப் படித்தபோதெல்லாம் இவர்களே என் நினைவுக்கு வந்தனர். வங்கத்திலிருந்து வந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். மூங்கிற்கோல் நம் ஊரில் வெட்டியது. தக்கை, வரப்பில் கிடந்த மயிலிறகின் தண்டு. தம் ஊரிலும் மயிலிறகில்தான் செய்வார்கள் என்றார். அதற்கு அங்கே என்ன பெயர் என்று கேட்டேன். ‘ஃபாத்னா’ என்றார். இங்கே தக்கை என்றேன். இருமுறை சொல்லிப் பார்த்தார். மூன்றாம் முறை சொல்லுமுன் அது அமிழ்ந்தது.