மேனேஜரைத் திட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் வேலை போய்விடுமா?

அப்ரைசல் முடிந்த சாயங்காலம். இன்கிரிமென்ட் வந்த மாதிரியும் இருக்கு, வராத மாதிரியும் இருக்கு. ஆபீஸ் நண்பர்கள் குரூப்பில் 'இந்த ஆளெல்லாம் ஒரு மேனேஜராடா?' என்று ஆரம்பித்து, நாலு மீம்ஸும் போட்டாச்சு. மறுநாள் காலையில் ஹெச்.ஆர் கூப்பிடுகிறார். அவர் கையில் உங்கள் மெசேஜின் ஸ்க்ரீன்ஷாட்!

இப்போ சட்டம் யார் பக்கம்?

இந்தக் கேள்வி நம்ம ஊர் கோர்ட் வரைக்குமே போயிருக்கு. தமிழ்நாடு கிராம வங்கி ஊழியர் ஒருவர், நிர்வாகத்தை விமர்சித்து வாட்ஸ்அப் குரூப்பில் மெசேஜ் போட்டார். வங்கி சார்ஜ் மெமோ கொடுத்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அதை ரத்து செய்தார். வீட்டில் உட்கார்ந்து சக ஊழியரிடம் நிர்வாகத்தைப் பற்றிப் பேசினால் நடவடிக்கை எடுக்க முடியுமா? குறிப்பிட்ட சிலர் மட்டுமே பார்க்கும் குரூப்புக்கும் அதேதான் என்றது தீர்ப்பு. சுருக்கமா சொன்னா, ஊழியருக்குப் புலம்பும் உரிமை உண்டு.

'அப்பாடா' என்று உடனே டைப் செய்ய ஆரம்பிச்சிடாதீங்க. அது பொதுத்துறை வங்கி. அதனால்தான் ஊழியர் நேராக உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போட முடிந்தது. தனியார் கம்பெனி ஊழியருக்குப் பெரும்பாலும் அந்த வழி கிடையாது. ஆஃபர் லெட்டரோடு படிக்காமலே கையெழுத்துப் போட்டோமே ஒரு 'சோஷியல் மீடியா பாலிசி', அதைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். அதை மீறினீர்கள் என்று வேலையை விட்டு அனுப்பினால், லேபர் கோர்ட், சிவில் கோர்ட் என்று நீங்கள்தான் அலைய வேண்டும். அரசு ஊழியர்கள் கதை வேறு. அரசின் கொள்கையைப் பொதுவெளியில் விமர்சிக்கக் கூடாது என்று அவர்களின் நடத்தை விதிகளிலேயே இருக்கு.

புலம்பலுக்கும் எல்லை உண்டு. 'வேலை ஜாஸ்தி, சம்பளம் கம்மி' என்பது புலம்பல். 'மேனேஜர் பில்லில் காசு அடிக்கிறார்' என்று ஆதாரம் இல்லாமல் பெயரோடு போட்டால் அது அவதூறு. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவின்படி 2 ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம்.

'நான் எழுதலையே, ஃபார்வர்டுதானே பண்ணேன்?' என்ற சாக்கும் எடுபடாது. 2018-ல் பெண் பத்திரிகையாளர்கள் பற்றி வேறொருவர் எழுதிய பதிவை ஃபேஸ்புக்கில் பகிர்ந்த நடிகர் எஸ்.வி.சேகர், படிக்காமல் பகிர்ந்துவிட்டதாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார். ஆனாலும் 2024-ல் அவருக்கு ஒரு மாத சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

சக பெண் ஊழியரைப் பற்றிய 'ஏ' ஜோக், கமென்ட் எல்லாம் ஆபீஸ் குரூப்பில் வந்தால், 2013-ம் ஆண்டுச் சட்டப்படி உள் புகார்க் குழு விசாரிக்கலாம். ஸ்மைலி போட்டுச் சிரித்தவரையும் கேள்வி கேட்பார்கள்.

நம்ம ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது செல்ஃபியில்தான். பிறந்தநாள் கேக்கோடு சிரிக்கும்போது, பின்னால் மானிட்டரில் கஸ்டமரின் பெயரும் போன் நம்பரும் பளிச்சென்று தெரியும். அது தெரியாமல் நடந்த தப்பு என்றாலும் கம்பெனியின் ரகசியக் காப்பு ஒப்பந்தத்தை மீறியதாகிவிடும். தெரிந்தே, ஆதாயத்துக்காக அந்த விவரங்களை வெளியே விட்டால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 72A பிரிவில் 3 ஆண்டுகள் வரை சிறை உண்டு. பங்குச் சந்தையில் இருக்கும் கம்பெனியின் காலாண்டு ரிசல்ட்டை முன்கூட்டியே மச்சானுக்கு மெசேஜ் தட்டினால், செபியின் விசாரணை வரைக்கும் போகலாம்.

சரி, ஹெச்.ஆர் ஸ்க்ரீன்ஷாட்டைக் காட்டிவிட்டார். என்ன செய்வது? பதறிப்போய் சாட்டை டெலீட் பண்ணாதீங்க. முன்னும் பின்னும் என்ன பேசினோம் என்று காட்ட, உங்களுக்கும் அதுதான் ஆதாரம். கோர்ட் என்றால் மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கேட்பார்கள். ஆபீஸ் விசாரணையில் அவ்வளவு கறார் கிடையாது. அதனால் குற்றச்சாட்டை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதிலையும் எழுத்திலேயே, அவகாசம் கேட்டு, ஒரு வக்கீலிடம் காட்டிய பிறகு கொடுங்கள். அந்த அறையிலேயே மன்னிப்புக் கடிதமோ ராஜினாமாவோ எழுதச் சொன்னால், 'நாளைக்குத் தர்றேன் சார்' என்று எழுந்து வந்துவிடுங்கள்.