மூப்பும் இயலாமையும்: பிரிட்டிஷ் ஓய்வூதிய வரலாற்றில் ஓர் எல்லைக்கோடு

மூப்பு, பிணி என்று இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்வது தமிழர் வழக்கு. ஒன்று வந்தால் மற்றது பின்னாலேயே வரும் என்ற பட்டறிவில் பிறந்த இணைப்பு அது. ஆனால் அரசாங்கங்கள் சட்டம் எழுதப் புகுந்தபோது இந்த இணைப்பு பெருஞ் சிக்கலாயிற்று. முதியவருக்கு ஒரு தொகை, உடல் இயலாதவருக்கு ஒரு தொகை என்று இரு வாயில்களைத் திறந்துவிட்டால், முதியவராகவும் இயலாதவராகவும் ஒருங்கே இருப்பவர் எந்த வாயிலில் நுழைவது? இரண்டிலும் நுழையலாமா? ஒன்றில் இருந்தவரைப் பிறந்தநாள் வந்ததும் மற்றதற்கு மாற்றினால் அவர் கைக்கு வருவது கூடுமா, குறையுமா? நூறாண்டுக்கு மேலாகப் பிரிட்டன் இக்கேள்விகளுக்கு மாறி மாறி விடை கூறி வந்திருக்கிறது.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். மலாயாவில் 1951இல் அமைந்த ஊழியர் சேமநிதியும் சிங்கப்பூரில் 1955இல் அமைந்த மத்திய சேமநிதியும் அவரவர் பெயரில் சேரும் பணம். தொழிலாளி முதுமையடைந்தாலும், இடையிலேயே உடல் இயலாது போனாலும், எடுப்பது அதே உண்டியலிலிருந்துதான். பிரிட்டனில் அவ்வாறன்று. அங்கே அரசாங்க ஓய்வூதியம் வேறு, இயலாமைத் தொகை வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி விதி, தனி விகிதம், தனிச் சோதனை. ஆகவேதான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும் எல்லைக்கோடு அங்கே இத்துணைப் பொருள் உடையதாகிறது.

இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதற்கு ஜெர்மனி சான்று. பிஸ்மார்க் தலைமை அமைச்சராக இருந்தபோது 1889இல் நிறைவேறி, 1891 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின் பெயரே இயலாமை, முதுமைக் காப்பீட்டுச் சட்டம் என்பதாகும். இயலாமை முதலில், முதுமை பின்னர்! உழைக்கும் ஆற்றல் பெரிதும் குன்றியவருக்கு, ஐந்தாண்டுச் சந்தா கட்டியிருந்தால், எந்த வயதிலும் ஓய்வூதியம் உண்டு. முதுமை ஓய்வூதியத்துக்கோ 70 வயது நிரம்பியிருக்க வேண்டும். (65 வயதை வகுத்தவர் பிஸ்மார்க் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பிழை. 70 என்பது 65 ஆகக் குறைந்தது 1916இல். பிஸ்மார்க் இறந்து 18 ஆண்டுகளுக்குப் பின்.) எழுபதைக் கண்டவன் இயலாதவனாகவே இருப்பான், அவனை மருத்துவரிடம் அனுப்பிச் சோதிப்பானேன் என்பதே சட்டத்தின் உட்கருத்து. அஃதாவது, முதுமை ஓய்வூதியம் என்பது சோதனையில்லாத இயலாமை ஓய்வூதியம். முதற் சில ஆண்டுகள் கழிந்தபின், இயலாமை ஓய்வூதியம் பெற்றோர் தொகை முதுமை ஓய்வூதியம் பெற்றோர் தொகையைவிடப் பன்மடங்காயிற்று. சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுள் எழுபதை எட்டியவர் சிலரே என்பதை நினைத்தால் இதில் வியப்பில்லை.

பிரிட்டன் இவ்வழியில் செல்லவில்லை. அங்கே முதுமையே முதலில் வந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, 1909 ஜனவரி முதல் நாள் தொட்டு, 70 வயதான ஏழைகள் அஞ்சல் நிலையத்துக்குச் சென்று வாரம் 5 ஷில்லிங் பெற்றனர். அந்நாளில் இங்கு வழங்கிய வெள்ளி ஒன்று 2 ஷில்லிங் 4 பென்சுக்குச் சமம். ஆகவே அது ஏறத்தாழ 2 வெள்ளி 14 காசு. ஆண்டு வருமானம் 21 பவுனுக்கு மேற்படாதவருக்கு முழுத் தொகை. 31 பவுன் 10 ஷில்லிங்கைத் தாண்டியவருக்கு ஒன்றுமில்லை. சந்தா கட்ட வேண்டியதில்லை. ஆனால் வயதை மெய்ப்பிக்க வேண்டும். அயர்லாந்தில் பிறப்புப் பதிவு முழுமையாகத் தொடங்கியதே 1864இல்தான். 1909இல் எழுபதானவருக்குப் பத்திரம் எங்கிருந்து வரும்? 1839 ஜனவரி 6ஆம் நாள் இரவு அந்நாட்டைச் சூறையாடிய பெருங்காற்று நினைவிருக்கிறது என்று சொன்னவர்களின் சொல்லும் அங்கே வயதுக்குச் சான்றாயிற்று. தம் வயதைத் திருவிழாவையும் வெள்ளத்தையும் வைத்துக் கணக்கிட்ட நம் தோட்டப்புறத்துப் பாட்டிமார் இதைக் கேட்டால் தலையசைப்பர்.

மூன்றாண்டு கழித்து, 1911இல், லாயிட் ஜார்ஜ் கொண்டுவந்த தேசியக் காப்பீட்டுச் சட்டம் இரண்டாம் வாயிலைத் திறந்தது. ஆண் தொழிலாளி வாரம் 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் எனச் சேர்த்த நிதி அது. நோயுற்ற ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு 7 ஷில்லிங் 6 பென்ஸ், 26 வாரங்கள் வரை. அதற்குப் பின்னும் எழ இயலாவிட்டால் இயலாமைத் தொகையாக 5 ஷில்லிங். எழுபதாம் பிறந்தநாளில் இவையெல்லாம் நின்றுவிடும். முதுமை ஓய்வூதியம் அவற்றின் இடத்தை எடுத்துக்கொள்ளும். எல்லைக்கோடு சட்டத்தில் ஏறியது இவ்வாறுதான். இரண்டும் 5 ஷில்லிங் ஆதலால், நெடுநாள் இயலாதவராக இருந்தவருக்கு மாற்றம் பெரிதாகத் தோன்றாது. ஆயினும் ஒரு நுட்பமான வேறுபாடு இருந்தது. முதல் தொகை அவர் சந்தா கட்டிப் பெற்ற உரிமை. இரண்டாவது வருமானத்தைச் சோதித்து ஏழைக்குக் கொடுக்கும் உதவி. தொகை மாறாவிடினும் அதன் தன்மை மாறியது.

இக்கோட்டைத் தம் கால்களால் நடந்தே நகர்த்தியவர்கள் பார்வையற்றோர். 1920 ஏப்ரலில் பார்வையற்ற தொழிலாளர் சுமார் 250 பேர், தங்கள் சங்கத்தின் கொடியின்கீழ், நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய மூன்று ஊர்களிலிருந்து லண்டனை நோக்கி நடந்தனர். தங்களுக்கு வேண்டுவது நீதி, தருமமன்று என்பது அவர்கள் முழக்கம். லாயிட் ஜார்ஜ் அவர்களைச் சந்தித்தார். அவ்வாண்டே நிறைவேறிய பார்வையற்றோர் சட்டம், மற்றவருக்கு 70இல் கிடைக்கும் ஓய்வூதியத்தை அவர்களுக்கு 50 வயதிலேயே வழங்கியது. 1938இல் அது 40 ஆகக் குறைந்தது. இச்சட்டம் செய்ததைக் கூர்ந்து நோக்குங்கள். பார்வையற்றோருக்கெனத் தனித் தொகை எதையும் அது படைக்கவில்லை; அவர்களை இருபதாண்டு முன்கூட்டியே முதியவராக்கியது. ஜெர்மானியச் சட்டம் முதியவரை இயலாதவர் எனக் கருதியது; பிரிட்டிஷ் சட்டமோ இயலாதவரை முதியவர் எனக் கருதியது!

1925ஆம் ஆண்டுச் சட்டம் சந்தா கட்டிய தொழிலாளிக்கு 65 வயதிலேயே வாரம் 10 ஷில்லிங் ஓய்வூதியம் அளித்தது. 1928 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தபோது நோய்த் தொகையும் இயலாமைத் தொகையும் 65இலேயே முடிவுற்றன. அப்போது ஆணுக்கு நோய்த் தொகை 15 ஷில்லிங், இயலாமைத் தொகை 7 ஷில்லிங் 6 பென்ஸ். விளைவைப் பாருங்கள். ஓராண்டாகப் படுக்கையில் கிடந்த ஒருவர் தம் 65ஆம் பிறந்தநாளில் 7 ஷில்லிங் 6 பென்சிலிருந்து 10 ஷில்லிங்குக்கு உயர்ந்தார். அதே தெருவில், சென்ற மாதம் நோயுற்ற மற்றொருவர் தம் 65ஆம் பிறந்தநாளில் 15 ஷில்லிங்கிலிருந்து 10 ஷில்லிங்குக்கு இறங்கினார். ஒருவருக்குப் பிறந்தநாள் பரிசு, மற்றவருக்குத் தண்டம். உடலில் மாற்றம் ஏதுமில்லை.

இந்த மேடுபள்ளத்தைச் சமனாக்க முயன்றது பெவரிட்ஜ் அறிக்கை (1942). அதன் வழி வந்த 1946ஆம் ஆண்டுச் சட்டம், 1948 ஜூலை 5 முதல், நோயாளிக்கும் ஓய்வு பெற்றவருக்கும் ஒரே அளவாக வாரம் 26 ஷில்லிங் வைத்தது. கோட்டைக் கடந்தாலும் கைக்கு வருவது அதுவே. பணியில் காயமுற்றோருக்கான ஓய்வூதியத்தை மட்டும் தனியே வைத்து, முதுமை ஓய்வூதியத்தோடு சேர்த்தே பெறலாம் என்றது சட்டம்.

இதிலிருந்து ஒரு விதியை உய்த்துணரலாம். இன்று வரை பிரிட்டிஷ் முறையின் திறவுகோல் அதுவே. இழந்த ஊதியத்துக்கு ஈடாகத் தரும் தொகைகள் இரண்டினை ஒருவர் ஒருங்கே முழுமையாகப் பெற இயலாது. ஏனெனில் இழந்த ஊதியம் ஒன்றே. ஆனால் ஊனத்தால் நேரும் தனிச் செலவுக்கோ காயத்துக்கோ ஈடான தொகை வேறு; அதை ஓய்வூதியத்தோடு சேர்த்துப் பெறலாம். ஆசிரியர்கள் இவ்வொரு வேறுபாட்டை மனத்திற் கொண்டால் மீதிச் சட்டங்கள் தாமே விளங்கும்.

நிற்க. 1948இன் சமன்பாடு ஒரு கூட்டத்தாரை மறந்தே போயிற்று. வேலைக்குச் செல்லாத இல்லத்தரசி நோயால் முடங்கினால் அவளுக்குச் சந்தாவுமில்லை, தொகையுமில்லை. இக்குறையை எதிர்த்து 1965இல் மேகன் டு புவாசன், பெரிட் மூர் என்னும் இரு பெண்கள் ஓர் இயக்கம் தொடங்கினர்; இருவரும் நரம்பு நோயால் உடல் குன்றியவர்கள். மேகன் 1969இல் சாலை விபத்தில் உயிரிழந்தார். 1971 டிசம்பரில் தொடங்கிய பராமரிப்புத் தொகை அவர் காணாத பயன். இராப்பகலாகப் பிறர் துணை வேண்டுவோருக்கு, சந்தாவோ வருமானச் சோதனையோ இன்றி அது வழங்கப்பட்டது. ஓய்வூதியத்தை அது ஒரு காசும் குறைக்கவில்லை.

அதே 1971இல் நெடுநாள் நோயாளிக்கென வந்த இயலாமை ஓய்வூதியத்தில் ஓர் அரிய கூறு உண்டு. எவ்வளவு இளமையில் நோயுற்றாரோ அவ்வளவுக்குக் கூடுதல் படி. இளமையில் வீழ்ந்தவர் சேமித்திருக்க இயலாது என்பதைச் சட்டம் உணர்ந்திருந்தது. ஓய்வூதியத்துக்கு மாறிய பின்னும் அப்படி தொடர்ந்தது. இதற்கு வருமான வரியும் இல்லை. முதுமை ஓய்வூதியத்துக்கோ வரி உண்டு. ஆகையால் 65ஐ எட்டிய ஆண்கள், 70 வரை ஓய்வூதியத்தைக் கோராமல், இயலாமைத் தொகையிலேயே நீடிப்பதை நலமாகக் கண்டனர். 1995இல் அவ்வழி அடைக்கப்பட்டது. புதிதாக வந்த தொகைக்குத் தொடக்க வாரங்கள் நீங்கலாக வரி விதிக்கப்பட்டது. ஓய்வூதிய வயதில் அது முடிந்தும் போயிற்று.

இனி, இக்கோடு மிகக் கொடிதாக வெட்டும் இடத்துக்கு வருவோம். 1976இல் நடக்க இயலாதவருக்கென ஒரு தொகை தொடங்கியது. ஆனால் இயலாமை ஓய்வூதிய வயதுக்கு முன்னரே நேர்ந்திருக்க வேண்டும். முதுமையில் கால் தளர்வது இயல்புதானே, அத்தனை பேருக்கும் கொடுத்தால் கருவூலம் தாங்குமா என்பது அரசாங்கத்தின் அச்சம். 1992இல் வந்த ஊனமுற்றோர் வாழ்க்கைத் தொகையிலும், 2013இல் அதன் இடத்தைப் பிடிக்கத் தொடங்கிய தற்சார்பு வாழ்வுத் தொகையிலும் இவ்வரம்பு மாறவில்லை. கோட்டுக்கு முன்னே தொகை பெற்றவர், நிலைமை மாறாதவரை, பின்னும் பெற்று வரலாம். கோட்டுக்குப் பின்னே காலிழந்தவர் பராமரிப்புத் தொகையைத்தான் கேட்கலாம்; அதில் நடமாட்டத்துக்கென ஒரு காசும் இல்லை. சக்கர நாற்காலி இருவருக்கும் ஒன்றே. முதுமையையும் இயலாமையையும் ஒன்றாகக் கண்டு தொடங்கிய சிந்தனை, இறுதியில் முதியவரின் இயலாமையை இயலாமையென்றே எண்ணாத இடத்துக்கு வந்து நின்றதை நேரியதென்று நம்மால் கொள்ள இயலவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடுவதும் முறையன்று. வேலை செய்ய இயலாத ஆண்டுகளிலும், தகுதியுடையோர் கணக்கில் சந்தா கட்டியதாகவே வரவு வைப்பது பிரிட்டிஷ் முறை. ஊனம் ஒருவர் ஊதியத்தைப் பறித்தாலும் பின்னாளைய ஓய்வூதியத்தையும் சேர்த்துப் பறிப்பதைப் பெரிதும் தடுப்பது இந்த வரவுதான்.

கோடு இப்போது நகர்கிறது. பெண்களின் 60 வயது 2010 தொடங்கிப் படிப்படியாக உயர்ந்து 2018இல் ஆண்களின் 65ஐ எட்டியது. 2020இல் இருவருக்கும் 66 ஆயிற்று. 2026 ஏப்ரலுக்கும் 2028க்கும் இடையே 67 ஆக உயர 2014ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்துள்ளது. முன்பு 60இல் எந்தச் சோதனையுமின்றி ஓய்வூதியத்தில் அமர்ந்திருக்கக்கூடிய பெண், முதுகெலும்பு தேய்ந்த நிலையிலும், தம்மால் வேலை செய்ய இயலாது என்பதை மேலும் சில ஆண்டுகள் மெய்ப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதே வேளையில், 66 வயது ஆறு மாதத்தில் காலிழக்கும் ஒருவர், முன்னே கோட்டுக்கு அப்பால் நின்றிருப்பார். 67 முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், அவர் நடமாட்டத் தொகையைக் கேட்க ஆறு மாதம் இருக்கும்.